தொண்டருக்கும் ஒரு வருகைப் பதிவேடு

நம் சங்க மண்டபத்தின் பின்புறத்து அறையில் தொண்டர் குழு நடத்திவரும் மாலை வகுப்பைப் பற்றி அன்பர்கள் பலர் அவ்வப்போது நம்மிடம் விசாரிக்கிறார்கள். “வகுப்பு நன்றாக நடக்கிறதா?” என்பதே பெரும்பாலும் கேள்வி. “நடக்கிறது” என்று ஒரே சொல்லில் விடை கூறிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவது இதுவரை நம் வழக்கமாக இருந்தது. இம்மாதம் சற்று விரிவாகவே விடை கூற எண்ணுகிறோம். நமக்குப் பெருமை தராத செய்திகளும் அதில் உண்டு.

வகுப்பு தொடங்கிய வரலாறு நீண்டதன்று. ஒரு பொங்கல் விழாவில், பரிசளிப்புக்கும் சிற்றுண்டிக்கும் இடையே ஒரு தீர்மானம் நிறைவேறிற்று. அக்கம்பக்கத்துப் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளுக்குச் செவ்வாயும் வெள்ளியும் மாலை 6 மணி முதல் 7.30 வரை கட்டணமின்றிப் பாடம் சொல்லித் தருவது. ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு தொண்டர் தம் பொறுப்பில் ஏற்று, படிப்பை மட்டுமன்றி நலத்தையும் கவனித்து வருவது. கைதட்டல் பலமாக இருந்தது. 32 பேர் பெயர் கொடுத்தனர். ஜூன் மாதம் பள்ளிகள் திறந்ததும் வகுப்பும் தொடங்கிற்று. பொறியாளர், வங்கி அலுவலர், கல்லூரி மாணவியர் எனத் தொண்டர்களாலேயே அறை நிறைந்துவிட, பிள்ளைகளுக்கு வராந்தாவில் பாய் விரிக்க நேர்ந்தது. ஜூலை மழையில் சிலர் வரவில்லை. பிள்ளையார் சதுர்த்தியோடு இன்னும் சிலர் நின்றனர். தீபாவளி கழிந்து கதவைத் திறந்தபோது தொண்டர் நால்வரே இருந்தனர். பிள்ளைகள் மட்டும் குறையவில்லை.

அந்நாட்களில் ஒரு மாலை. ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பின்வாயிற் படியில் நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தாள். தந்தை விடியுமுன் மிதிவண்டியில் இட்லி விற்கப் புறப்படுபவர். தாய் இரண்டு வீடுகளில் சமையல் வேலை செய்பவர். அவளை ஏற்றிருந்த தொண்டர் மூன்று வாரமாக வரவில்லை. நம்மைக் கண்டதும் அவள் எழுந்து நின்று, “மாமா, அக்காவுக்கு என் மேல கோவமா? நான் வாய்ப்பாடு சரியா சொல்லலைன்னுதான் வர்றதில்லையா?” என்று கேட்டாள்.

அக்காவுக்குக் கோபம் எதுவும் இல்லை. அலுவலகத்தில் வேலை நேரம் மாறிவிட்டது. ஐரோலியிலிருந்து வண்டி பிடித்து வந்து சேர எட்டு மணியாகிறது. சொல்லி அனுப்ப வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்து மறந்துவிட்டாள். மும்பையில் வாழும் நம்மில் எவரும் அவளைக் குறை சொல்ல முடியாது. ஆயினும் பத்து வயதுப் பிள்ளைக்கு வேலை நேரமும் மின்சார ரயிலும் தெரியா. பெரியவர் ஒருவர் வருவதாகச் சொல்லி வாராதொழிந்தால், காரணத்தைப் பிள்ளை தன்னிடத்திலேயே தேடுகிறது. தொண்டு செய்ய முன்வந்த நாம், வாய்ப்பாடு தெரியாத குறையோடு இன்னொரு குறையையும் அவள் நெஞ்சில் ஏற்றிவிட்டோமே என்று அன்று வெட்கமுற்றோம்.

பிள்ளைகளுக்கு வருகைப் பதிவேடு முதல் நாளே வாங்கியிருந்தோம். தொண்டர்களுக்கு ஒன்று வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. மறுநாள் அதை வாங்கி அச்சிறுமியிடமே கொடுத்தோம். அன்று முதல் அண்ணாக்கள், அக்காக்கள் பெயரை உரக்கப் படித்து வருகை குறிப்பவள் அவளே. வாராதவர் பெயருக்கு நேரே சிவப்பு மையில் சுழி இடுகிறாள். நான்கு நிமிடம் தாமதித்து வந்த வங்கி அதிகாரி ஒருவர், “அம்மா, சுழியை அழித்துவிடு” என்று கெஞ்சிய காட்சியையும் கண்டோம். அழிக்கவில்லை.

இனி, கற்பித்த முறைக்கு வருவோம். அதிலும் தொடக்கத்தில் தவறினோம். எந்த வகுப்புப் பிள்ளையோ அந்த வகுப்புப் புத்தகத்தைத் திறந்து, மறுநாள் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தோம். ஏழாம் வகுப்பில் ஒரு பையன். முத்து முத்தாக எழுதுவான். இரண்டு மாதம் சென்றபின் ஒருநாள், அவன் எழுதியதையே படிக்கச் சொன்னபோது படிக்க இயலவில்லை. பார்த்து வரைவதையே எழுத்தெனக் கொண்டு ஏழு ஆண்டுகளைக் கடத்தியிருக்கிறான். 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை எவரையும் நிறுத்திவைக்கலாகாது என்றது. 2019 இல் வந்த திருத்தம் ஐந்திலும் எட்டிலும் தேர்வு வைத்து நிறுத்த மாநிலங்களுக்கு இடமளித்தது. மகாராஷ்டிரமும் அவ்வழியையே மேற்கொண்டுள்ளது. எது நல்லது என்னும் வாதத்தில் நாம் இறங்கவில்லை. வகுப்பு ஏற்றினும் ஏற்றாவிடினும் படிக்கத் தெரியாத பையன் படிக்கத் தெரியாதவனே.

இதற்கு வழி கண்டவர்கள் நம் நகரத்திலேயே இருக்கிறார்கள். 1990களின் நடுவில் மும்பையின் குடிசைப் பகுதிகளில் தொடங்கிய பிரதம் என்னும் அமைப்பு, அந்தந்தப் பகுதியின் இளம் பெண்களையே தேர்ந்து, பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே அமர்த்தி, அடிப்படை எழுத்தும் எண்ணும் கற்பிக்கச் செய்தது. அப்பெண்களுக்குப் பாலசகி, அதாவது குழந்தையின் தோழி, என்று பெயர். மும்பையிலும் வடோதராவிலும் அம்முறையை ஆராய்ந்தவர்களுள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகிய இருவரும் 2019 இல் பொருளாதாரத்திற்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள். 2007 இல் வெளிவந்த அந்த ஆய்வு கூறுவது இது: பெரும்பயன் பெற்றவர்கள் கடைசி வரிசைப் பிள்ளைகள். அதே ஆய்வு வேறொன்றும் கூறுகிறது. வகுப்பு நின்று ஓராண்டு கழிந்ததும் அந்தப் பயனில் பெரும்பகுதி தேய்ந்துபோயிற்று. இரண்டாவது செய்தியை மேடையில் யாரும் சொல்வதில்லை. நமக்கோ முதற் செய்தியைவிட அதுவே உறைத்தது.

ஆகவே வகுப்பு எண்ணை மறந்து, எழுத்துக் கூட்டுவோர், சொல் படிப்போர், பத்தி படிப்போர் என்று பிள்ளைகளைப் பிரித்து அமர்த்தினோம். ஏழாம் வகுப்பானை மூன்றாம் வகுப்பினரோடு அமர்த்தியதுதான் சங்கடம். அவன் நான்கு நாள் வந்தான், பிறகு வரவில்லை. அவனைத் தனியாக வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அப்போது தொண்டர் போதவில்லை. அவன் வீட்டுக்கு நாம் போய்ச் சேர்ந்ததும் இரண்டு மாதம் கழித்தே. இன்றுவரை அவன் திரும்பவில்லை.

நம்மவர் பிள்ளைகளுக்கென்று தனியாக ஓர் இடர் உண்டு. அது மொழி பற்றியது. மும்பை மாநகராட்சி நடத்தும் பள்ளிகளின் எட்டு மொழிகளுள் தமிழும் ஒன்று. எனினும் தமிழ்வழி வகுப்புகளில் சேர்வோர் ஆண்டுதோறும் குறைகின்றனர். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலமோ மராத்தியோ என்பதுதான் இன்று பெரும்பாலான வீடுகளின் நிலை. 2020 ஆம் ஆண்டுச் சட்டத்தால் மராத்திப் பாடம் எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயமாயிற்று. வகுப்பில் கணக்குத் தவறியதாக நாம் எண்ணியவற்றுள் பாதி, மொழி தவறியதே என்பதை மெல்ல மெல்லக் கண்டோம். 25 என்பதை நாம் இருபத்தைந்து என்று பத்தை முன்வைத்துச் சொல்கிறோம். மராத்தியிலோ அது பஞ்சவீஸ். ஐந்து முன்னே வருகிறது. கேட்ட வரிசையில் எழுதும் பிள்ளை 52 என்று எழுதிவிடுகிறது. ஏகதீஸ் என்றால் 31; ஏகோணதீஸ் என்றால் முப்பதுக்கு ஒன்று குறைவு, அதாவது 29. இரண்டும் ஒன்றாகவே காதில் விழும் பிள்ளைக்குக் கூட்டல் எவ்வளவு தெரிந்தும் என்ன பயன்? (நம் தொண்ணூறும் தொள்ளாயிரமும் மட்டும் நேர்மையானவையா என்று கேட்பவர்க்கு நம்மிடம் விடையில்லை.) பஞ்சவீஸை ‘இருபது ஐந்து’ என்று பிரித்து வாசிக்கும் முறையை 2019 இல் பாலபாரதியின் இரண்டாம் வகுப்புக் கணித நூல் புகுத்த, மாநிலமெங்கும் பெரும் வாதம் எழுந்தது. மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளுக்கே இது சுமை என்றால் நம் பிள்ளைகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடரைத் தீர்த்துவைத்தவர் நம் சங்கத்தார் அல்லர். செயற்குழுவில் ஒரு பெரியவர், “சந்தா நம்முடையது, மண்டபம் நம்முடையது, நம் பிள்ளைகளுக்கே இடம் போதாதபோது பிறர் பிள்ளைகளை ஏன் சேர்க்க வேண்டும்?” என்று கேட்டார். அவரை எள்ளி நகையாட நமக்கு மனம் வரவில்லை. 1966 ஐ அடுத்த ஆண்டுகளில் இந்நகரில் தென்னிந்தியர்க்கு எதிராக எழுந்த கிளர்ச்சியின்போது, கடைக்கதவை அடைத்துக்கொண்டு உள்ளே அமர்ந்திருந்த தந்தையின் மடியில் வளர்ந்தவர் அவர். விவாதம் முடியாமலே கூட்டம் கலைந்தது.

அடுத்த வெள்ளியன்று, பக்கத்துச் சாலில் வசிக்கும் மராத்தி மூதாட்டி ஒருவர் பேரனைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு பின்வாயிலுக்கு வந்தார். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பேரனுக்கு ஆங்கிலம் வரவில்லையாம். சேர்த்துக்கொண்டால், தாம் இங்குள்ள பிள்ளைகளுக்கு மராத்தி சொல்லித் தருவதாகக் கூறினார். சேர்த்துக்கொண்டோம். பிள்ளைகள் எல்லோரும் அவரை ஆஜி என்றே அழைக்கிறார்கள். நம் ககரம் ஒன்றுக்கு அவர் எழுத்தில் நான்கு உண்டு. அந்த நான்கையும் பிரித்தொலிக்க, பிள்ளைகளின் உள்ளங்கையை வாயருகே பிடிக்கச் செய்து மூச்சுக்காற்றின் வேறுபாட்டை உணர்த்துகிறார். பள்ளிக்கு மராத்தியில் ஷாளா என்று பெயர். அதிலுள்ள ளகரத்தை நம் பிள்ளைகள் முதல் முறையிலேயே தெளிவாகச் சொல்லக் கேட்டு அவர் அடைந்த மகிழ்ச்சியைக் காண வேண்டும். பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே ஒரு சுழிகூட இல்லை.

செயற்குழுப் பெரியவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டதாக இதுவரை கூறவில்லை. பேத்தியை மட்டும் வெள்ளிதோறும் அனுப்பிவைக்கிறார்.

படியில் அமர்ந்திருந்த சிறுமி ஐந்தாம் வகுப்பில் தேறிவிட்டாள். கணக்கில் மட்டும் மயிரிழையில். அவளுடைய அக்கா இப்போது செவ்வாய்க்கிழமைகளில் வீட்டிலிருந்தபடி வேலை செய்ய அனுமதி பெற்று, அந்த ஒரு நாள் வருகிறாள். வர இயலாத வாரம் முதல் நாளே தொலைபேசியில் சிறுமியின் தாயிடம் சொல்லிவிடுகிறாள்.

வரும் ஜூனில் கணக்குக்கு மூவரும் ஆங்கிலத்துக்கு இருவரும் தேவை. ஒரு நாளேனும் ஓராண்டு முழுதும் வர இயன்றவர் மட்டும் பெயர் கொடுக்குமாறு வேண்டுகிறோம். விழா நாள் உற்சாகத்தில் கொடுத்த பெயர்கள் நம்மிடம் ஏராளமாக உள்ளன. அறையில் எப்போதும் பெரியவர் இருவராவது இருக்க வேண்டும், கதவு திறந்தே இருக்க வேண்டும், பெற்றோர் எந்நேரமும் உள்ளே வரலாம் என்பவை மாற்றமில்லாத விதிகள். வகுப்பு மாலை 6 மணிக்குத் தொடங்கும். பதிவேடு சென்ற ஆண்டு போலவே அந்தச் சிறுமியிடம் இருக்கும்.