பட்டத்துக்கு முன் பதவி

2011 ஆம் ஆண்டு மார்ச் மாதம் நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரச மருத்துவக் கல்லூரி வைத்தியசாலையில் ஒரு தாய் குடும்பக் கட்டுப்பாட்டுச் சத்திரசிகிச்சைக்குப் போனார். அது சின்னச் சிகிச்சை. ஆனால் அவருக்கு ஒட்சிசன் கொடுக்க வேண்டிய நேரத்தில் மயக்க வாயுவான நைட்ரஸ் ஒக்சைட் கொடுக்கப்பட்டுவிட்டது. நினைவு திரும்பாமலே கிடந்து அடுத்த வருடம் இறந்துபோனார். வழக்கு நடந்து, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 28 இலட்சம் ரூபாய்க்கு மேல் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. 2016 மே மாதம் இந்தோர் நகரத்து மகாராஜா யஷ்வந்த்ராவ் வைத்தியசாலையில், புதிதாகத் திறந்த சத்திரசிகிச்சைத் தியேட்டரில் இரண்டு குழந்தைகள் உயிரிழந்தார்கள். அங்கே சுவருக்குள் ஓடும் வாயுக் குழாய்கள் மாறிப் பொருத்தப்பட்டிருந்தன.

இரண்டும் மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த பெரிய வைத்தியசாலைகள். நிபுணர்களுக்கும் மருந்துக்கும் அங்கே பஞ்சமில்லை. சுவரிலிருந்து வருவது ஒட்சிசன்தானா என்று, நோயாளி மேசைக்கு வருமுன் அளந்து பார்த்து, "சரி" என்று பொறுப்போடு சொல்லும் ஒருவர்தான் அந்த நேரம் தேவைப்பட்டார்.

அந்த ஒருவருக்குப் பல நாடுகளில் தனிப் படிப்பும் தனிப் பதவியும் உண்டு. மயக்கமருந்துத் தொழில்நுட்பவியலாளர் என்று தமிழில் சொல்லலாம். மயக்கம் கொடுப்பவர் இவரல்ல, அது டொக்டரின் வேலை. கொடுப்பதற்கான இயந்திரம், வாயு, குழாய், கண்காணிப்புக் கருவி எல்லாவற்றையும் தயார் செய்து, சோதித்து, சிகிச்சை முடியும்வரை டொக்டரின் பக்கத்தில் நிற்பவர். நமது இலங்கை அரச வைத்தியசாலைகளில் இந்த வேலையைப் பெரும்பாலும் தியேட்டர் தாதியர்தான் மற்ற வேலைகளோடு சேர்த்துச் சுமக்கிறார்கள். சிற்றூழியர்களும் கைகொடுக்கிறார்கள். அவர்கள் அதை நன்றாகவே செய்கிறார்கள், பல வருட அனுபவத்தில் கற்றுக்கொண்டு செய்கிறார்கள். ஆனாலும் பத்து வேலைக்கு நடுவே பதினோராவதாக இதைச் செய்யவேண்டிய நிலையில் அவர்களை வைத்திருப்பது நியாயமில்லை.

காலையில் அந்த இயந்திரத்துக்கு முன்னால் என்ன நடக்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்போம். வெள்ளைத் தோளும் கறுப்பு உடம்பும் கொண்டது ஒட்சிசன் சிலிண்டர். நைட்ரஸ் ஒக்சைட்டுக்கு நீலம். ஒன்றின் இடத்தில் மற்றதைப் பூட்ட முடியாதபடி ஊசித்துளைகளை வெவ்வேறு இடத்தில் வைத்திருக்கிறார்கள்: ஒட்சிசனுக்கு 2, 5. நைட்ரஸ் ஒக்சைட்டுக்கு 3, 5. அருமையான ஏற்பாடுதான். ஆனால் குழாய் சுவருக்குள்ளேயே மாறியிருந்தால் இந்த ஊசித்துளை ஒன்றும் செய்யாது. அதை ஒட்சிசன் அளவி மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். அளவி வேலை செய்கிறதா, சாதாரணக் காற்றில் வைத்தால் 21 வீதம் காட்டுகிறதா என்று யாரோ ஒருவர் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

அழுத்தமானியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஒட்சிசன் சிலிண்டர் பாதியானால் முள்ளும் பாதிக்கு இறங்கும். நைட்ரஸ் ஒக்சைட் சிலிண்டருக்குள் திரவமாக இருப்பதால், திரவம் முழுக்கத் தீரும்வரை முள் அசையாமல் நிற்கும். முள்ளைப் பார்த்து "நிறைய இருக்கு" என்று நம்பியவர் சிகிச்சை நடுவே ஏமாறுவார். நோயாளி விடும் மூச்சிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சும் சோடாச் சுண்ணாம்புக் குருணி தீர்ந்ததும் ஊதா நிறமாகும். ஆனால் இரவு முழுக்க ஓய்ந்திருந்தால் மறுபடி வெள்ளையாகிவிடும். விடியப் பார்ப்பவருக்குப் புதுசுபோல இருக்கும். பிறகு கசிவுச் சோதனை: வால்வை மூடி, குழாயின் வாயைக் கையால் அடைத்து, 30 சென்ரிமீற்றர் நீரழுத்தம் வரும்வரை ஒட்சிசனை நிரப்பி, பத்து விநாடி முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பது. தொண்டைக்குள் பார்க்கும் கருவியில் வெளிச்சம் வருகிறதா, உறிஞ்சி இழுக்கிறதா, மூச்சுக்குழாய்க்குள் இடும் குழாயின் பலூன் காற்றைப் பிடிக்கிறதா, மின்சாரம் போனால் கையால் அமுக்கும் பை எங்கே இருக்கிறது? பட்டியல் நீளும்.

நெசவு ஊரான எங்கள் மருதமுனையில் பிறந்த யாருக்கும் இந்த ஒழுங்கு அந்நியமில்லை. பாவு நூலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கண்ணால் தடவிப் பார்க்காமல் நம்மவர் தறியில் கால் வைத்ததில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2008 இல் சத்திரசிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. 19 கேள்விகள். அதை முன்னின்று தயாரித்தவர் அதுல் கவாண்டே என்ற இந்திய வம்சாவளி அமெரிக்க அறுவை மருத்துவர். எட்டு நகரங்களில் எட்டு வைத்தியசாலைகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்தபோது, சத்திரசிகிச்சை மரணம் 1.5 வீதத்திலிருந்து 0.8 வீதமாகக் குறைந்தது என்று அடுத்த வருடம் ஆய்வு முடிவு வந்தது. நோயாளி மயங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்று, மயக்கமருந்து இயந்திரமும் மருந்துகளும் சோதிக்கப்பட்டனவா என்பது. "ஆம்" என்று அடையாளம் போட ஒரு விநாடி போதும். அந்த "ஆம்" உண்மையாவதற்குத்தான் ஒரு பயிற்சி பெற்ற ஆள் வேண்டியிருக்கிறது.

என் தங்கச்சியின் மகள் உயர்தரத்தில் உயிர்முறைமைகள் தொழில்நுட்பம் படித்தவள். முடிவு வந்ததும் என்னிடம் வந்தாள். "மாமா, வைத்தியசாலையில வேலை செய்யத்தான் விருப்பம். டொக்டர் இல்லாட்டி நேர்ஸ், அதை விட்டா வேற ஒண்டுமே இல்லையா?" என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற தங்கச்சி, "கொழும்புக்கு அனுப்ப ஏலா, கிட்டத்தில இருந்தாச் சொல்லுங்க" என்றாள். இந்த இரண்டு வசனமும் நம் ஊரில் நூறு வீடுகளில் கேட்கும் வசனங்கள். கல்முனையில் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் இருக்கின்றன. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்ப பீடம் இருக்கிறது, அங்கே உயிர்முறைமைகள் தொழில்நுட்பத்துக்கே பட்டப்படிப்பும் இருக்கிறது. சம்மாந்துறையில் உயர் தொழில்நுட்பவியல் நிறுவகம். மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதார பராமரிப்பு விஞ்ஞான பீடம். எல்லாம் காலையில் பஸ் ஏறி மாலையில் வீடு திரும்பும் தூரம். இத்தனையும் இருக்க, இந்தப் படிப்பை இங்கேயே தொடங்கினால் என்ன?

தொடங்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எந்த ஒழுங்கில் தொடங்குவது என்பதில்தான் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

அமெரிக்காவில் இந்தப் படிப்பு பெரும்பாலும் சமுதாயக் கல்லூரிகளிலும் தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் இரண்டு வருட இணைப் பட்டமாக நடக்கிறது. மில்வாக்கியில் நடக்கிறது, சியாட்டிலுக்குப் பக்கத்து ரென்டனில் நடக்கிறது. பணம் கட்டிப் பெரிய பல்கலைக்கழகம் போக வசதியில்லாத உள்ளூர்ப் பிள்ளைகள், உள்ளூர் வைத்தியசாலையில் பயிற்சி எடுத்து, அங்கேயே வேலைக்குச் சேரும் வழி அது. தமிழ்நாட்டுப் பக்கமும் இந்த யோசனை புதிதில்லை. புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995 இல் சமுதாயக் கல்லூரி தொடங்கியது. அடுத்த வருடம் சென்னையில் ஒன்று வந்தது. இயேசு சபைத் துறவி சேவியர் அல்போன்ஸ் அதை ஓர் இயக்கமாகவே வளர்த்தார். அந்த இயக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று: வேலை கொடுக்கப்போகிறவரை முதல் நாளே கூப்பிட்டு இருத்தி, "உங்களுக்கு என்ன தெரிந்த ஆள் வேண்டும்?" என்று கேட்டுப் பாடத்திட்டம் எழுதினார்கள்.

அதே இந்தியாவில் மயக்கமருந்துத் தொழில்நுட்பப் படிப்பு வேறு விதமாக வளர்ந்தது. புதுச்சேரியின் ஜிப்மர் மருத்துவ நிறுவனத்தில் இருக்கிறது, தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழும் இருக்கிறது, தனியார் கல்லூரிகள் பலவற்றிலும் இருக்கிறது. வருடா வருடம் பிள்ளைகள் பட்டத்தோடு வெளியே வந்தார்கள். ஆனால் அவர்களைப் பதிவு செய்ய நாடு தழுவிய ஒரு சபை இருக்கவில்லை. இணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021 இல்தான் வந்தது. அதில்தான் மயக்கமருந்துத் தொழில்நுட்பவியலாளரின் பெயரும் சட்டப்படி ஏறியது. பிரித்தானியாவிலும் இப்படித்தான்: சத்திரசிகிச்சைக் கூடத்துக்குத் தனிப் பயிற்சி பெற்ற உதவியாளர்கள் வேண்டும் என்று லெவின் அறிக்கை 1970 இல் சொன்னது. அவர்கள் சட்டப்படி பதிவு பெற்ற தொழிலாளர்களானது 2004 இல். 34 வருடம். அந்த இடைவெளியில் வேலை பார்த்தவர்களின் உழைப்புக்கு முழுப் பெயர் கிடைக்கவில்லை.

நமக்கு அந்த 34 வருடத்தைத் தாங்கும் வசதி இல்லை. 2017 இல் மட்டக்களப்பு காந்திப் பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் வெயிலிலும் மழையிலும் சத்தியாக்கிரகம் இருந்ததைப் பார்த்தவர்கள் நாம். அம்பாறை மாவட்டப் பட்டதாரிகளும் தெருவில் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளிடம் பட்டம் இருந்தது, அரசிடம் அவர்களுக்கான பதவி இருக்கவில்லை. கலைப் பட்டதாரியாவது ஆசிரியராகலாம், முகாமைத்துவ உதவியாளர் பரீட்சை எழுதலாம். மயக்கமருந்துத் தொழில்நுட்பம் படித்தவருக்குத் தியேட்டரைத் தவிர வேறு இடமில்லை. தியேட்டரில் ஆளணி இல்லாமல் இந்தப் படிப்பைத் திறப்பது பிள்ளைகளின் வருடங்களை எடுத்துக்கொண்டு கடலைக் காட்டிவிடுவது. நாடா வெட்டிப் படம் எடுத்துக்கொள்ள எங்கள் பக்கம் அரசியல்வாதிகளுக்குக் குறைவில்லை. ஆளணிக்காகக் கொழும்பில் கோப்பைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக ஏறி இறங்கும் ஆள்தான் வேண்டும்.

ஆகவே முதல் வேலை சுகாதார அமைச்சில். நிறைவுகாண் மருத்துவ சேவையில் இந்தப் பதவிக்கு ஒரு பெயர், சேவைப் பிரமாணக் குறிப்பு, சம்பளப் படி, ஆளணி அங்கீகாரம். இரண்டாவது, இலங்கை மருத்துவ சபையில் பதிவுக்கான வழி. இவை கையில் வந்த பிறகு வகுப்பு. தேசிய தொழில் தகைமையில் ஐந்தாம், ஆறாம் மட்டங்கள் டிப்ளோமா, ஏழாம் மட்டம் பட்டம் என்று ஏற்கெனவே ஓர் ஏணி இருக்கிறது. ஐந்தில் சேர்ந்து வேலைக்குப் போன பிள்ளை பிறகு ஏழுவரை ஏறலாம். அதற்காகப் புதிதாக ஒரு கட்டடம்கூடக் கட்டத் தேவையில்லை.

தாதியருக்கு இதனால் இடம் பறிபோகும் என்று சிலர் பயப்படலாம். அவர்களோடும் ஆரம்பத்திலேயே பேச வேண்டும். தியேட்டரில் நீண்ட காலம் நின்று கை பழகிய தாதியர்தான் இந்தப் படிப்பின் முதல் ஆசிரியர்களாக வர வேண்டியவர்கள். ஒரு கசிவின் சத்தத்தை வைத்தே எந்த இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று சொல்லக்கூடியவர்கள் அவர்களுக்குள் இருக்கிறார்கள். எந்தப் பாடப்புத்தகமும் அதைக் கற்றுத்தராது. 2022 நெருக்கடிக்குப் பிறகு மயக்கமருந்து டொக்டர்கள் பலர் வெளிநாடு போய்விட்ட நிலையில், மிச்சம் இருப்பவர்களின் சுமையைப் பகிர்ந்துகொள்ளவும் பயிற்சி பெற்ற கைகள் வேண்டும். டொக்டரின் இடத்தில் இந்தத் தொழில்நுட்பவியலாளர்களை நிறுத்திவிடலாம் என்று யாரும் கணக்குப் போட்டுவிடவும் கூடாது. அந்த எல்லையைப் பிரமாணக் குறிப்பிலேயே எழுதிவைக்க வேண்டும்.

மாணவர் எண்ணிக்கையை மண்டபத்தின் கதிரைகளை எண்ணித் தீர்மானிக்கக் கூடாது. படிப்பை நடத்துபவர்கள் கிழக்கு மாகாணத்துத் தியேட்டர்களை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை பேர் வேண்டும் என்று கணக்கெடுத்து, அத்தனை பேரை மட்டும் எடுக்கட்டும். வைத்தியசாலைகள் பாவனையிலிருந்து நீக்கிக் களஞ்சியத்தில் போட்டிருக்கும் பழைய மயக்கமருந்து இயந்திரம் ஒன்றைத் திருத்தி வகுப்பறையில் வைக்க அனுமதி கேட்கட்டும். பிள்ளைகள் நோயாளியின் பக்கத்தில் நிற்குமுன் அதில் வேண்டுமென்றே குழாயை மாற்றிவைத்து, பிழையைக் கண்டுபிடிக்கும்வரை விடாமல் பழக்க வேண்டும்.