“பெட் ஷாப் இங்கே ஓடாது” என்பவர்களுக்கு

திருச்சியிலிருந்து துறையூர் செல்லும் சாலையில் மண்ணச்சநல்லூரைத் தாண்டினால் திருவெள்ளறை. புண்டரீகாட்சப் பெருமாள் கோயிலுக்கும் ஸ்வஸ்திகக் கிணற்றுக்கும் பெயர்பெற்ற ஊர். இந்தச் சாலையோரம் ஓர் இளைஞரோ சுயஉதவிக் குழுவில் இருக்கும் ஒரு பெண்ணோ, வளர்ப்புப் பிராணிகளுக்கான தீவனமும் சாமான்களும் விற்கும் சிறு கடை போட நினைத்தால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “அது ஓடாது.” காரணங்களும் வரிசையாக வரும். கிராமத்தில் நாய்க்கு யார் காசு கொடுத்துச் சாப்பாடு வாங்குவார்கள்? ஆன்லைன் விலையோடு மோத முடியுமா? திருச்சி பக்கத்தில்தானே இருக்கிறது? குட்டி விற்காமல் லாபம் எங்கே? முதலுக்கும் லைசென்ஸுக்கும் எங்கே போவது?

இவற்றைச் சொல்பவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் ஐந்து கேள்விகளும் ஒரே தவறான அளவுகோலிலிருந்து வருகின்றன. திருச்சி தில்லைநகரில் கண்ணாடிக் கதவு போட்ட கடையை மனத்தில் வைத்துக்கொண்டு, அதன் நகல் திருவெள்ளறையில் ஓடுமா என்று கேட்கிறார்கள். நகல் ஓடாது. இந்த ஊரின் மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் நாய்க்கும் என்ன வேண்டும் என்று பார்த்துப் போடப்படும் கடை ஓடும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. “கிராமத்தில் யார் வாங்குவார்கள்?”

வீட்டில் மிஞ்சிய சோற்றைத்தான் நாய் தின்னும் என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் பிராணிக்காகச் செலவழிக்கும் வழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பசுவுக்குக் கொடுப்பதற்கென்றே அகத்திக்கீரைக் கட்டு வாங்குகிறவர்கள் நாம். கறவை மாடு வைத்திருப்பவர் தவிடு, கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, தாது உப்பு என்று மாதந்தோறும் வாங்கியே தீர வேண்டும். மூக்கணாங்கயிறும் கழுத்துக் கயிறும் தேயத் தேய மாற்றியாக வேண்டும். மாட்டுப் பொங்கல் நெருங்கும்போது சலங்கை, மணி, கொம்புக்குப் பூசும் வண்ணம் எல்லாம் ஒரே வாரத்தில் விற்றுத் தீரும். பெரிய சூரியூர் ஜல்லிக்கட்டு நடக்கும் மாவட்டம் இது. காளை வளர்ப்பவர் தன் செலவைக் குறைத்தாலும் காளையின் செலவைக் குறைக்க மாட்டார்.

2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கோழியினங்கள் மட்டும் 12 கோடிக்கு மேல். பெரும் பண்ணைகளைக் கழித்துவிட்டாலும், கொல்லையில் பத்துக் கோழி வளர்க்கும் வீடுகள் எத்தனையோ உண்டு. அவர்களுக்குத் தண்ணீர்க் குவளையும் குஞ்சுத் தீவனமும் அரைக் கிலோ, ஒரு கிலோ என்று சில்லறையில் வேண்டும். லவ் பேர்ட்ஸ் வளர்க்கும் பள்ளிப் பிள்ளைக்குத் தினை வேண்டும். புறா வளர்ப்பவருக்குக் கம்பும் சோளமும் வேண்டும்.

நாய் உணவும் ஒதுக்கிவிடக்கூடிய சரக்கல்ல. கோத்ரெஜ் நிறுவனம் 2025இல் ‘நிஞ்ஜா’ நாய் உணவை இறக்கியபோது முதல் சந்தையாகத் தேர்ந்தெடுத்தது தமிழ்நாட்டைத்தான். இங்கே வாங்க ஆளில்லை என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பெரிய நிறுவனம் இங்கிருந்து தொடங்குகிறது.

2. “ஆன்லைன் விலைக்கு நிற்க முடியாது”

இருபது கிலோ மூட்டையின் விலையில் சிறு கடை தோற்கும். அதை ஒப்புக்கொள்வோம். ஆனால் எல்லாருக்கும் இருபது கிலோ மூட்டை தேவையா?

பத்துக் கிலோ எடையுள்ள நாய் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 கிராம் உலர் உணவு தின்னும். அந்தக் கணக்கில் ஒரு மூட்டை நூறு நாள் வரும். பிரித்த மூட்டையில் இருக்கும் கொழுப்பு காற்றுப் பட்டுச் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். ஒன்றரை மாதத்துக்குள் தீர்த்துவிடுவதே நல்லது. ஐப்பசி மழையில் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சை பிடிக்கும். ஒற்றை நாய் வளர்க்கும் வீட்டுக்கு மலிவு மூட்டை உண்மையில் மலிவல்ல. பாதி கெட்டுப்போகும், அல்லது கெட்டதை நாய் தின்னும். வாரம் ஒன்றரைக் கிலோ புதிதாக நிறுத்து வாங்குவதே அந்த வீட்டுக்குச் சரி. அதைக் கொடுக்கக்கூடியவர் பக்கத்துக் கடைக்காரர்தான்.

பத்து நிமிடத்தில் பொருள் தரும் செயலிகளைப் பற்றிய பயமும் உண்டு. அந்த வியாபாரம் நடப்பது, ஒரு கிடங்கைச் சுற்றிச் சில கிலோமீட்டருக்குள் ஆயிரக்கணக்கான வீடுகள் நெருங்கி இருக்கும் இடத்தில். வயலும் தோப்பும் கலந்து வீடுகள் விலகி விலகி நிற்கும் ஊருக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது.

விலையைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்து நாய்க்கு ஒத்துக்கொள்ளும். பூனைக்கு அது உயிரை எடுக்கும் விஷம். இணையத்தில் நாய்க்கு வாங்கியதை, மிச்சம் இருக்கிறதே என்று பூனைக்கும் தடவும் வீடுகள் இருக்கின்றன. “வீட்டில் பூனை இருக்கிறதா?” என்று செயலி கேட்பதில்லை. தொழில் தெரிந்த கடைக்காரர் கேட்பார். அந்த ஒரு கேள்விக்காகவே ஊருக்கு ஒரு கடை வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

3. “திருச்சி பக்கத்தில்தானே இருக்கிறது?”

சுமார் இருபது கிலோமீட்டர். சத்திரம் பேருந்து நிலையம் போய் வந்தால் அரை நாள் போய்விடும். கூலிக்குப் போகிறவருக்கு அரை நாள் என்பது அரைக் கூலி. ஐம்பது ரூபாய்ச் சங்கிலிக்காக யாரும் அதை இழக்க மாட்டார்கள். வாங்காமலே இருந்துவிடுவார்கள், அல்லது நைலான் கயிற்றால் கட்டி நாயின் கழுத்தைப் புண்ணாக்குவார்கள். தூரத்தால் நஷ்டப்படுவது அந்தப் பிராணி.

“நெம்பர் ஒன் டோல்கேட்டிலும் மண்ணச்சநல்லூரிலும் கடைகள் இருக்கின்றனவே, மளிகைக் கடையிலேயே பெடிகிரி பாக்கெட் தொங்குகிறதே” என்றும் சொல்வார்கள். தொங்கட்டும். மளிகைக் கடையில் பாக்கெட் விற்கிறது என்றால் வாங்க ஆள் இருக்கிறது என்றுதான் பொருள். ஆனால் குட்டிக்கு எது, சினை நாய்க்கு எது, சொறி வந்த நாயை எதால் குளிப்பாட்டுவது என்று மளிகைக்காரரிடம் கேட்க முடியாது. மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகள் பக்கத்தில் இருப்பதும் திருவெள்ளறைக்காரருக்கு அனுகூலமே. தவிடு அங்கேயே கிடைக்கிறது. நகரத்துக் கடைக்காரர் அதற்கு வண்டிக் கூலி கொடுக்க வேண்டும்.

4. “குட்டி விற்காமல் லாபம் இல்லை”

இந்த வாதம்தான் அதிகக் கேடு செய்வது. உயிருள்ள பிராணியை விற்கத் தொடங்கினால் 2018ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகள் பொருந்தும். மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். எட்டு வாரத்துக்குக் குறைந்த நாய்க்குட்டியை விற்கக் கூடாது. இடவசதி, மருத்துவப் பராமரிப்பு, பதிவேடுகள் எல்லாவற்றுக்கும் கடைக்காரர் பொறுப்பு. பார்வோ வைரஸ் ஒரு குட்டிக்கு வந்தால் அடுத்தடுத்த கூண்டுகளும் காலியாகும். பச்சைக்கிளி விற்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இத்தனை சுமையையும் சிறு கடை தூக்கத் தேவையில்லை. தீவனமும் சாமானும் மட்டும் விற்பவரை அந்தக் கடை விதிகள் தொடுவதில்லை. குட்டி விற்றால் வருமானம் ஒருமுறை. குட்டி வளர்ப்பவருக்குத் தீவனம் விற்றால் பத்து ஆண்டுகளுக்கு மேல் வருமானம்.

மருந்திலும் இதே கட்டுப்பாடு வேண்டும். மருந்துரிமம் இல்லாமல் ஆன்டிபயாட்டிக்கும் ஊசியும் விற்கக் கூடாது. நோயென்று வருபவரை அரசு கால்நடை மருந்தகத்துக்கு அனுப்புங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் 1962 என்ற எண்ணைக் கடைப் பலகையில் எழுதி வையுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நடக்கும் தேதியை முன்கூட்டியே சொல்லுங்கள். ஒரு விற்பனை போகும். அந்த வீட்டின் நம்பிக்கை கிடைக்கும்.

5. “முதலுக்கும் லைசென்ஸுக்கும் எங்கே போவது?”

முத்ரா திட்டம் 2015இலிருந்து இருக்கிறது. சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரையும், கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரையும் பிணையில்லாமல் கடன் கேட்கலாம். வியாபாரத்துக்கும் அது பொருந்தும். உள்ளூரிலேயே விற்று, ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டாத சரக்குக் கடைக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. ஊராட்சியில் தொழில் உரிமம் பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும். எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட வேண்டும். இவை செய்ய முடியாத காரியங்கள் அல்ல.

உண்மையான ஆபத்துகள் வேறு

ஓடாமல் போகும் கடைகளும் உண்டு. ஆனால் மேலே சொன்ன ஐந்தும் அவற்றுக்குக் காரணமல்ல. முதல் எதிரி பாக்கி. பால் பணம் வரும் நாள் பார்த்துத்தான் மாடு வளர்ப்பவர் கடனைத் தீர்ப்பார். யாருக்கு, எவ்வளவு, எதுவரை என்று முதல் நாளே நோட்டில் எல்லை போடாத கடை, நல்ல பெயரோடு மூடப்படும். இரண்டாவது எதிரி, ஆசைப்பட்டு அடுக்கும் சரக்கு. பெல்ட்டிலும் பொம்மையிலும் பணத்தை முடக்கிவிட்டுத் தீவனம் வாங்கக் காசில்லாமல் நிற்பது. மூன்றாவது எதிரி ஈரம். நனைந்த புண்ணாக்கில் வளரும் பூஞ்சையின் நச்சு மாட்டின் வழியே பாலுக்கும் வரும். பாலில் அந்த அஃப்லாடாக்சின் எம்1 நச்சு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு வரம்பு. மூட்டையைத் தரையில் போடாமல் பலகைமேல் அடுக்குவதும், கறுத்த புண்ணாக்கை நஷ்டமானாலும் குப்பையில் கொட்டுவதும், ஊர்க் குழந்தைகள் குடிக்கும் பாலுக்காகச் செய்யும் காவல்.

ஆகவே, கடை போட நினைக்கும் பிள்ளையிடம் “ஓடாது” என்று சொல்லும் பெரியவர்களுக்கு என் வேண்டுகோள் இது. அந்தச் சொல்லை விட்டுவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். சுற்றியுள்ள ஊர்களில் எந்த வீட்டில் என்ன பிராணி இருக்கிறது என்று நடந்து பார்த்தாயா? ஆறு மாதம் லாபமில்லாமல் தாக்குப்பிடிக்கக் கையில் காசு இருக்கிறதா? தெரியாத நோய்க்குத் தெரியாது என்று சொல்லி டாக்டரிடம் அனுப்புவாயா? மூன்றுக்கும் ஆமாம் என்று பதில் வந்தால் தடுக்காதீர்கள். முதல் மூட்டைத் தவிட்டை நீங்களே ரொக்கம் கொடுத்து வாங்குங்கள்.