கன்னியாகுமரிக்கு வரும் பிள்ளைகளே, மழையை மட்டும் கேட்காதீர்கள்



நேற்று சாயங்காலம் சென்னையிலிருந்து ஒரு போன். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள், இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். "டீச்சர், மே லீவுக்குக் கன்னியாகுமரி வரோம். கிளைமேட் எப்படி இருக்கும்? ஸ்வெட்டர் வேணுமா, குடை வேணுமா?" என்று கேட்டாள். நான் நாகர்கோவிலில் இருப்பதால் வருஷத்துக்குப் பத்துப் பேராவது இதே கேள்வியைக் கேட்கிறீர்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஸ்வெட்டர். வேண்டவே வேண்டாம். கோடையிலும் பகல் வெப்பம் பெரும்பாலும் 33, 34 டிகிரியோடு நின்றுவிடும். மார்கழி ராத்திரியில்கூட 22-க்குக் கீழே இறங்குவது அபூர்வம். வேலூர் வெயிலும் கிடையாது, ஊட்டிக் குளிரும் கிடையாது. காரணம் நான் வகுப்பில் சொன்னதுதான்: நிலம் சீக்கிரம் சுடும், சீக்கிரம் ஆறும். தண்ணீர் மெதுவாகச் சுடும், மெதுவாக ஆறும். மூன்று பக்கமும் கடல் இருக்கிற ஊர் எப்படி இருக்கும் என்று இனி நீங்களே சொல்லலாம்.

மாதக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜனவரி, பிப்ரவரி நல்ல காலம். வானம் தெளிவாக இருக்கும். ஆனால் கார்த்திகை முதல் பொங்கல் வரை ஐயப்ப பக்தர்கள் கூட்டம். ரூம் கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை அதிகம். மார்ச் முதல் மே வரை புழுக்கம். வேர்வை காயாது. பருத்தித் துணி மட்டும் எடுங்கள், ஒரு நாளைக்கு இரண்டு செட் என்று கணக்கு வையுங்கள். ஜூனில் தென்மேற்குப் பருவமழை. பழைய ஆட்கள் இதை இடவப்பாதி என்பார்கள். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோமல்லவா, மலையாள மாதக் கணக்கு இன்னும் எங்கள் வாயில் இருக்கிறது. செப்டம்பர் வரை மழையைவிடக் காற்றுதான் பெரிது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. அந்தக் காற்றில் குடை மல்லாந்துவிடும், மழைக்கோட்டு கொண்டுவாருங்கள். அக்டோபர், நவம்பரில் மதியத்துக்கு மேல் இடியோடு மழை. இரண்டு பருவமழையும் கிடைக்கிற மாவட்டம் இது.

பெட்டியில் வேறு என்ன? சின்னப் பிள்ளைகளுக்கு அதிகாலைக் காற்றில் காது மூட ஒரு துண்டு. விவேகானந்தர் பாறையில் செருப்பைக் கழற்ற வேண்டும், உச்சிவெயிலில் கல் சுடும், பழைய காலுறை ஒரு ஜோடி போதும். பகவதி அம்மன் கோவிலில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், ஒரு மேல்துண்டு இருந்தால் நல்லது. கண்ணாடி போடுகிறவர்களுக்கு மெல்லிய துணி. உப்புக் காற்று கண்ணாடியில் படிந்துகொண்டே இருக்கும்.

இன்னொன்று. மே, ஜூனில் சூரியன் வடக்கே தள்ளி மறையும். முனையில் நின்றால் நிலம் மறைத்துக்கொள்ளும். கொஞ்சம் மேற்கே போய்ப் பாருங்கள். பார்க்க முடியவில்லை என்று வருத்தப்படாதீர்கள், அது பூமியின் சாய்வு.

இதுவரை சொன்னதை யாரும் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது இனிமேல்தான்.

"மிதமான ஊர்" என்ற பேச்சே ஆட்களை அசட்டையாக்குகிறது என்பது என் அபிப்பிராயம். வெயில் இல்லை, குளிர் இல்லை, வானம் நீலமாக இருக்கிறது, அதனால் பயமில்லை என்று நினைத்துவிடுகிறோம். இந்த ஊரை மிதமாக வைத்திருப்பதும் அந்தக் கடல்தான், ஆளைக் கொண்டுபோவதும் அதே கடல்தான்.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு ஏப்ரல். பரீட்சை முடிந்து ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்து வந்தேன். மழை உண்டா என்று நாலு பேரிடம் விசாரித்துத்தான் கிளம்பினேன். வானத்தில் ஒரு மேகம் இல்லை. சாப்பிட்டு முடித்த பிறகு பஸ் கிளம்ப ஒரு மணி நேரம் மிச்சமிருந்தது. பிள்ளைகள் கெஞ்சினார்கள். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "டீச்சர், இன்னைக்குக் கடல் சரியில்ல" என்றார். காற்றே இல்லையே, இவர் என்ன சொல்கிறார் என்று நினைத்தேன். முட்டளவுதான் என்று சொல்லி இறங்க விட்டேன். ஒரே அலை. ஒரு பையன் இல்லை. அந்தப் பெரியவரும் இன்னொருவரும் குதித்து இழுத்து வந்தார்கள். பையன் பிழைத்தான். பெரியவர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "மழ உண்டான்னு கேட்டுட்டு வாறிய. கடலு எப்படின்னு ஆரும் கேக்கல்லியே."

அவன் அம்மாவிடம் அன்று நான், "கால் வழுக்கி விழுந்துட்டான்" என்றுதான் சொன்னேன். முழுசும் சொல்லத் தைரியம் வரவில்லை. இந்தப் பதிவை அவனும் படிப்பான். மக்கா, தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது.

அந்தப் பெரியவர் சொன்னதன் காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. கள்ளக்கடல் என்று எங்கள் மீனவர்கள் சொல்லும் ஒன்று உண்டு. தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், இந்தியப் பெருங்கடலில் புயல் அடிக்கும். அங்கே கிளம்பிய அலை சில நாள் கழித்து இங்கே வந்து சேரும். இங்கே காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது. கள்ளன் மாதிரி வருவதால் அந்தப் பெயர். ஏப்ரல், மே மாதங்களில் அதிகம், அதாவது நம் பிள்ளைகளின் லீவு நேரம். 2024 மே மாதம் நம் மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் போனார்கள். கடல் சீற்றம் பற்றிய எச்சரிக்கை முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. அந்தச் செய்தியைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகவே, கிளம்புவதற்கு முன் மழையைப் பார்க்கிற மாதிரியே கடலையும் பாருங்கள். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் அலை எச்சரிக்கையை வெளியிடுகிறது, செய்தியிலும் வரும். வந்த பிறகு கரையில் இருக்கிற மீனவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பாறைக்குப் போகிற படகை நிறுத்தியிருந்தால் டிக்கெட் கவுண்டரில் சண்டை போடாதீர்கள். படகு நின்றால் கண்ணாடிப் பாலமும் வள்ளுவர் சிலையும் அன்றைக்கு இல்லை, அவ்வளவுதான். காலை நனைக்க ஆசையென்றால் கணுக்கால் வரை, பிள்ளையின் கையைப் பிடித்தபடி. செல்பிக்காகக் கூட கடலுக்கு முதுகைக் காட்டாதீர்கள்.

இன்னொரு யோசனை, இரண்டு ராத்திரி தங்குங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம்தான் கடல் சரியில்லாத நாளிலும் ஆட்களை இறக்குகிறது. என்னையும் அந்த ஒரு மணி நேரம்தான் கெடுத்தது. நாளைக்கும் இருக்கிறோம் என்றால் இன்றைக்கு வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்வது சுலபம்.

நேற்றுப் போன் செய்தவளுக்கும் இதைத்தான் சொன்னேன். கடைசியில், "கடலில் குளிக்க மாத்துத்துணி எடுத்து வைக்கட்டுமா டீச்சர்?" என்றாள். அதை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வா என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு "சரி டீச்சர்" என்றாள், பழைய ஐந்தாம் வகுப்புக் குரலில்.

வாருங்கள் மக்களே. நாகர்கோவிலில் இறங்கினால் போன் பண்ணுங்கள், ஒரு வேளைச் சாப்பாடு நம் வீட்டில்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்