ஒரு மாடு இழுக்க, இன்னொரு மாடு வண்டியில் சவாரி

2025 ஜனவரி 15, மாட்டுப் பொங்கல் அன்று மும்பையில் ஐஎன்எஸ் நீலகிரி கடற்படையில் சேர்ந்தது. நம்ம வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கொடியும் கைதட்டலும். நானும் தட்டினேன். மசகான் டாக்கில் கட்டிய நல்ல கப்பல், சந்தேகமே இல்லை. ஆனால் எஞ்சின் அறையில் என்ன ஏற்பாடு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அது நம்ம வரிப்பணம்.

ஏற்பாட்டின் பெயர் 'கோடாக்'. டீசல் அல்லது கேஸ் டர்பைன். ஒவ்வொரு ஷாஃப்டுக்கும் ஒரு டீசல், ஒரு டர்பைன். நிதானமாகப் போக டீசல். விரட்ட வேண்டுமென்றால் டீசலைக் கழற்றிவிட்டு டர்பைன். இரண்டும் சேர்ந்து இழுக்கவே இழுக்காது. 2010-ல் வந்த ஷிவாலிக்கிலும் இதே கதை. 15 வருஷம் கழித்து நீலகிரியிலும் இதே கதை.

எதற்கு இரண்டு எஞ்சின் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. கப்பலின் வேகத்தை இரண்டு மடங்காக்க, சக்தி ஏறக்குறைய எட்டு மடங்கு வேண்டும். 30 நாட் ஓடத் தேவையான சக்தியில் எட்டில் ஒரு பங்கு இருந்தால் 15 நாட் போய்விடலாம். போர்க்கப்பல் கடலில் இருக்கும் நேரத்தில் பெரும்பகுதி இந்த நிதான வேகம்தான். பெரிய டர்பைனை எட்டில் ஒரு பங்கு சுமையில் ஓட்டினால் எண்ணெயைக் குடித்துத் தீர்க்கும். டீசல் அப்படி இல்லை, குறைந்த சுமையிலும் சிக்கனம். அப்போ எல்லாமே டீசலாக வைக்கலாமே? எடை இடிக்கும். 20 மெகாவாட் டர்பைன் அதன் கூண்டோடு சேர்த்தும் 20, 25 டன்தான். அதே சக்திக்கு மீடியம் ஸ்பீடு டீசல் 200 டன்னைத் தாண்டும்.

ஆக, இரண்டும் வேண்டும். அதில் தகராறு இல்லை. தகராறு அந்த 'அல்லது' என்ற சொல்லில்தான். உச்ச வேகத்தில் ஓடும்போது நம்ம டீசல்கள் இரண்டும் வெறும் சுமை. வண்டியை ஒரு மாடு இழுக்கிறது, இன்னொரு மாடு ஏறி உட்கார்ந்து வருகிறது!

ஜெர்மனிக்காரனைப் பாருங்கள். 1990-களில் வந்த பிராண்டன்பர்க் வகையில் அவனும் 'அல்லது'தான் வைத்திருந்தான். அடுத்து 2004-ல் வந்த ஸாக்ஸனில் 'கோடேக்', அதாவது டீசலும் டர்பைனும். 23.5 மெகாவாட்டில் ஒரே ஒரு டர்பைன், 7.4 மெகாவாட்டில் இரண்டு டீசல். மூன்றும் சேர்ந்து 38 மெகாவாட்டுக்கு மேல், வேகம் 29 நாட். ஒரு டர்பைன் மிச்சம். அந்த இடம், எடை, விலை, பராமரிப்பு எல்லாம் மிச்சம். டர்பைன் படுத்துவிட்டாலும் டீசல்கள் வீடு கொண்டுவந்து சேர்க்கும்.

"அமெரிக்காவில் என்ன ஆச்சு தெரியுமா?" என்று ஒரு நண்பர் மடக்குவார். தெரியும். ஃப்ரீடம் வகைக் கப்பல்களில் டீசலையும் டர்பைனையும் இணைக்கும் கியரின் பேரிங்கில் குறை. 2021 தொடக்கத்தில் புதிய கப்பல்களை வாங்கிக்கொள்வதையே அமெரிக்கக் கடற்படை நிறுத்தி வைத்தது. ஆனால் அதில் தோற்றது பேரிங். சேர்ந்து இழுக்கலாம் என்ற கொள்கை தோற்கவில்லை. ஸாக்ஸனும் அதன் இரண்டு தங்கைகளும் 20 வருஷமாக அப்படித்தான் ஓடுகின்றன.

இன்னொரு கட்சி, "எல்லாமே டர்பைனாக வைத்துவிடலாம், கியர் எளிது" என்கிறது. 2021-ல் சேர்ந்த ஐஎன்எஸ் விசாகப்பட்டினத்தில் நாலு டர்பைன், நாலும் உக்ரைன் தயாரிப்பு. அடுத்த வருஷமே அங்கே போர். எண்ணெய்ச் செலவு ஒருபக்கம், உதிரி பாகத்துக்கு யார் வாசலில் நிற்பது என்பது மறுபக்கம்.

உண்மையான சிக்கல் நுகத்தடியில் இருக்கிறது, அதாவது கியர்பாக்ஸில். டர்பைன் நிமிஷத்துக்கு 3600 சுற்று, டீசல் ஆயிரம் சொச்சம். காளையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுகிற வேலை. கஷ்டம்தான். ஆனால் நமக்குப் பாதி வழி தெரியும். 2014-ல் வந்த கமோர்ட்டாவில் ஒரு ஷாஃப்டை இரண்டு டீசல் சேர்ந்து சுழற்றுகின்றன. 2022-ல் வந்த விக்ராந்தில் நாலு டர்பைன் சேர்ந்து 88 மெகாவாட், அதன் கியர்பாக்ஸ் குஜராத்தில் எலிகானில் செய்தது. ஒரே ஜாதி மாடுகளைப் பூட்டத் தெரிந்துவிட்டது. கலந்து பூட்டத்தான் இன்னும் துணியவில்லை.

துணிய ஆள் வேண்டும். கியர் பல்லின் வடிவம், உலோகம், அதிர்வு, கிளட்ச் என்று ஆயுசைச் செலவழிக்கிற ஆட்கள். அவர்கள் எங்கிருந்து வருவார்கள்? ஊரை விட்டு வந்து குடியேறிய நம்ம குடும்பங்களில் பையனோ பெண்ணோ மெக்கானிக்கல் என்று வாயைத் திறந்தால் வீடே துக்க வீடாகிறது. "கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கலையா?" என்று மாமா, சித்தி எல்லாரும் விசாரிக்கிறார்கள். அதே வாயால் கப்பலுக்குக் கைதட்டல் வேறு :-)

அடுத்த கப்பலின் வரைபடம் போடும்போதாவது கடற்படை அந்த 'அல்லது'வை அடித்துவிட்டு 'உம்' போடட்டும். கியரால் முடியாதென்றால் மின்மோட்டார் வழியாகவாவது சேர்க்கட்டும். பிரிட்டனின் டைப் 23 கப்பல்கள் 1990-களிலிருந்தே டீசல் மின்சாரத்தையும் டர்பைனையும் சேர்த்துத்தான் ஓடுகின்றன. இன்னொரு 15 வருஷம் மாட்டை வண்டியில் ஏற்றிச் சுமக்க நமக்கு என்ன தலையெழுத்து?