அகழித் துப்பாக்கியும் ஜெர்மனியின் ஆக்ஷேபமும்

1897-ம் வருஷத்து வின்செஸ்டர் 'பம்ப்' துப்பாக்கியை அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இன்று பெருவிலை கொடுத்து வாங்குகிறார்கள். ஜான் பிரௌனிங் வகுத்த அவ்வேட்டைக் கருவிக்கு, முதல் மகாயுத்தத்தில் பயனெட்டும் துளையிட்ட உஷ்ணத் தகடும் பூட்டி அகழிகளுக்கு அனுப்பினர். அத்தகைய துப்பாக்கி ஹேக் ஒப்பந்தத்தின் 23-வது ஷரத்துக்கு விரோதமென்றும், அதனுடன் பிடிபடுவோர் உயிரிழப்பரென்றும் 1918 செப்டம்பரில் ஜெர்மனி அறிவித்தது. 1915-ல் ஈப்ரேயில் விஷவாயுவை அவிழ்த்துவிட்டவர்களுக்கு அநாவசியத் துன்பத்தைப்பற்றி எத்தனை கரிசனம்! அமெரிக்க ராஜாங்க மந்திரி லான்ஸிங் ஆக்ஷேபத்தை நிராகரித்து, பதிலுக்குப் பதில் செய்வோமென்று எச்சரித்தார். எனினும், ஆக்ஷேபித்தவன் கறைபடிந்தவன் என்பதாலேயே ஆக்ஷேபம் பொய்யாகிவிடாது என்பது நம் அபிப்பிராயம். பிரதிவாதியே தீர்ப்பும் எழுதிக்கொண்ட வழக்கு இது. நவம்பரில் யுத்தம் ஓய்ந்தது. அதை விசாரிக்க எந்த நியாயஸ்தலமும் கூடவில்லை.