குளிசைப் போத்தலும் கேட்கப்படாத கேள்வியும்

சென்ற மாதம் ரொறன்ரோவிலிருந்து ஒரு பொதி வந்தது. அனுப்பியவள் என் பெறாமகள். உள்ளே நட்டோகைனேஸ் என்னும் நொதியம் அடங்கிய இரண்டு குளிசைப் போத்தல்கள். "சித்தப்பா, அப்பாவின் மூளை நாடிகளில் உள்ள அடைப்பை இது கரைத்துவிடுமாம். இயற்கையானது. அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்" என்று ஒரு துண்டுக் கடிதம்.

என் தமையனார் முப்பத்தைந்து ஆண்டுகள் கணிதம் கற்பித்தவர். இரண்டு பாரிசவாதத் தாக்கங்களின் பின், உண்ட சோற்றை உண்ணவில்லை என்கிறார். சில நாட்களில் என்னைக் காலஞ்சென்ற மாமாவாக எண்ணிப் பேசுகிறார். ஊரில் இதனை அறளை பெயர்தல் என்பார்கள். வைத்தியர்கள் குருதிக்குழாய் சார்ந்த மறதிநோய் என்கின்றனர். போத்தலைத் திறக்கும் ஆசை எனக்கும் இருந்தது. ஒளிப்பானேன்?

நட்டோ, சோயா அவரையைப் புளிக்கவைத்து ஜப்பானியர் உண்ணும் உணவு. 1980இல் சிக்காகோவில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஹிரோயுகி சுமி, ஆய்வுகூடத் தட்டிலிருந்த பைபிரின் மீது அதனை இட்டபோது பைபிரின் கரைவதைக் கண்டார். உறைந்த குருதியைக் கட்டிவைத்திருக்கும் புரத இழைதான் பைபிரின். கண்டுபிடிப்பு மெய்யானதே. ஆனால் தட்டிலிருந்து தமையனாரின் தலைக்குச் செல்லும் பாதை நீளமானது. நொதியமும் ஒரு புரதம்; நம் குடலோ புரதத்தைச் செரிப்பதற்கென்றே அமைந்தது. அதிலிருந்து தப்பிச் சென்றாலும், இறுகிய நாடி வெறும் குருதிக்கட்டி அன்று. கொலஸ்திரோலும் கல்சியமும் நார்த் திசுவும் ஆண்டுக்கணக்கில் சுவரில் சேர்ந்து ஏற்படும் தடிப்பு அது. குருதி கிடைக்காது மடிந்த நரம்புக்கலத்தை எந்த நொதியமும் எழுப்புவதில்லை. பாரிசவாதத்துக்கு மருத்துவமனையில் ஏற்றும் கட்டி கரைக்கும் மருந்தையே பொதுவாக நான்கரை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டியிருப்பது இதனாற்றான்.

சரி, பரிசோதித்துப் பார்த்தார்களா? பார்த்தார்கள். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தினர் 265 பேரில் ஒரு பகுதியினருக்கு நொதியமும் மற்றவர்களுக்கு வெற்றுக் குளிசையும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கொடுத்து, 2021இல் முடிவை வெளியிட்டனர். கழுத்து நாடிச் சுவரின் தடிப்பிலும் விறைப்பிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. அவர்கள் நோயாளர் அல்லர், நலமாயிருந்தவர்கள். நலமானவரின் நாடி இறுகுவதையே தடுக்காத பொருள் நோயாளியின் இறுகிய நாடியை இளக்கும் என்பவர், அதனைச் செய்து காட்டட்டும். அளவு போதாது, கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று சொல்வோரும் உளர். அதையும் வெற்றுக் குளிசைக்கு எதிரே நிறுத்திக் காட்டிவிட்டு விற்கலாமே!

மருந்து நிறுவனங்களின் சதி என்ற கூச்சலும் எழும். அந்த நிறுவனங்களின் வக்கீல் அல்லன் நான். ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மூளையில் ஒரு நொதியத்தைத் தடுக்கும் டொனெபெசில் என்ற மருந்தை, இதே குருதிக்குழாய் மறதிநோய்க்கு எய்சாய் நிறுவனம் பரிசோதித்தது. மருந்து பெற்ற 648 பேரில் 11 பேர் இறந்தனர். வெற்றுக் குளிசை பெற்ற 326 பேரில் ஒருவரும் இறக்கவில்லை. 2006இல் இதனை வெளியிட்டது அந்த நிறுவனமே. மூன்று பரிசோதனைகளையும் சேர்த்துப் பார்த்தபோது வேறுபாடு உறுதியாகவில்லை என்பது வேறு விடயம். கணக்கு நம் கண்முன் கிடக்கிறது. போத்தல் வணிகரின் கணக்கு எங்கே? அமெரிக்காவின் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, உணவுத் துணைப்பொருள் என்று பெயரிட்டுவிட்டால் விற்குமுன் பயனை நிறுவ வேண்டியதில்லை.

"தீங்கில்லையே, கொடுத்துப் பார்த்தால் என்ன?" என்றார் அண்ணி. அஸ்பிரினுடன் நட்டோகைனேஸையும் சேர்த்து உட்கொண்ட ஒருவருக்கு மூளையில் குருதி கசிந்ததைத் தைவான் வைத்தியர்கள் 2008இல் பதிவு செய்திருக்கிறார்கள். அவருடைய மூளையில் முன்னரே நுண்கசிவுகள் இருந்தன. ஒருவரது கதை சான்றாகாது, எச்சரிக்கை ஆகும். தமையனாரும் நாள்தோறும் அஸ்பிரின் எடுப்பவர்.

எங்கள் தொழிலுக்கும் இதில் பங்குண்டு. தொண்ணூறுகளில் உதவி ஆசிரியனாக இருந்தபோது, வெளிநாட்டுச் செய்தியொன்றை மொழிபெயர்த்து 'மறதியை விரட்டும் மருந்து' என்று தலைப்பிட்டேன். எத்தனை பேரிடம் பரிசோதித்தார்கள், எதனுடன் ஒப்பிட்டார்கள் என்று கேட்கவில்லை. பக்கத்தை நிரப்பியாக வேண்டும், அவ்வளவுதான். மறுவாரம் ஒரு முதியவர் அந்த நறுக்கைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு அலுவலகப் படியேறி வந்தார். மனைவிக்காம். எங்கே வாங்கலாம் என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்று அதே செய்திகளைப் பத்திரிகைகளின் மருத்துவப் பக்கங்களிலும் வானொலி விளம்பரங்களிலும் காணும்போதெல்லாம் அந்த நறுக்குத்தான் நினைவுக்கு வருகிறது.

பகட்டில்லாத வேலை ஒன்று உண்டு: குருதி அமுக்கத்தைக் குறைத்தல். 9361 பேரைக் கொண்ட அமெரிக்கப் பரிசோதனையின் 2019ஆம் ஆண்டு முடிவின்படி, மேல் அமுக்கத்தை 120க்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களிடம் ஆரம்பநிலை அறிவுத்தளர்வு 19 வீதம் குறைந்தது. மறதிநோயே குறைந்தது என்று அடித்துச் சொல்ல அந்தக் கணக்குப் போதவில்லை. அதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

நேற்றுப் பெறாமகளுக்குத் தொலைபேசியில் இவற்றையெல்லாம் சொன்னேன். சிறிது நேரம் பேச்சில்லை. "அப்ப நான் அப்பாவுக்கு என்னத்தைத்தான் அனுப்புறது, சித்தப்பா?" என்றாள்.

குருதி அமுக்கம் அளக்கும் கருவி ஒன்றை அனுப்பச் சொன்னேன். வீட்டிலிருந்தது பழுதாகி ஆறு மாதமாகிறது.