கணக்குப் பரீட்சை முடிஞ்சிடுச்சு... கணக்கு பார்க்கிறது எப்போ முடியும்?

மதியம் இரண்டு மணி. மரக்காணத்திலிருந்து புதுச்சேரி போகிற ஈ.சி.ஆர் சாலையில் இருக்கும் அனுமந்தை பஸ் ஸ்டாப். பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்த நான், சென்னைக்குத் திரும்ப பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். எதிர்ப்பக்கம் ஒரு பஸ் வந்து நின்றது. பரீட்சை அட்டையும் ஜியோமெட்ரி பாக்ஸுமாக ஏழெட்டுப் பசங்க இறங்கினார்கள். பத்தாம் வகுப்பு கணக்குப் பரீட்சை அன்றைக்கு.

வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனால், ஒருத்தரும் வீட்டுக்குக் கிளம்புகிற மாதிரி தெரியவில்லை. டீக்கடை நிழலில் வட்டமாக நின்றுகொண்டார்கள். நடுவில் கொஸ்டின் பேப்பர். மக்களே, அடுத்து என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்!

"ஒன் மார்க் ஏழாவதுக்கு என்ன போட்ட?"

"ஆப்ஷன் பி."

"டேய், சி டா அது!"

கண்ணாடி போட்ட ஒரு பையன்தான் அங்கே நீதிபதி. க்ளாஸ் ஃபர்ஸ்ட் என்று பார்த்தாலே தெரிந்தது. அவன் ஒரு விடையைச் சொன்னால் அதுதான் ஆன்சர் கீ. அதே விடை போட்டவர்கள் துள்ளினார்கள். வேறு போட்டவர்கள் "போச்சு" என்று உச்சுக்கொட்டினார்கள்.

கொஞ்சம் தள்ளி ஒரு பொண்ணு, கொஸ்டின் பேப்பரின் ஓரத்தில் பென்சிலால் கூட்டல் போட்டுக்கொண்டிருந்தாள். அழித்து அழித்து மறுபடியும் கூட்டினாள். பக்கத்தில் போய், "என்னம்மா பார்க்குற?" என்றேன். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"34 தான்க்கா வருது. பாஸாக 35 வேணும்."

ஒரு மார்க். அந்த ஒரு மார்க்குக்காக அவள் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்துவிட்டு, வந்த பஸ்ஸை விட்டுவிட்டேன்.

அந்த 34 எப்படி வந்தது?

பேப்பரை வாங்கிப் பார்த்தேன். பத்தாம் வகுப்பு கணக்குப் பேப்பர் மொத்தம் 100 மார்க். ஒரு மார்க் கேள்விகள் 14. இரண்டு மார்க்கில் 14 கேள்விகள், 10 எழுதணும். ஐந்து மார்க்கிலும் 14-க்கு 10. கடைசியில் செய்முறை வடிவியலும் கிராஃபும், தலா 8 மார்க்.

அவள் போட்ட கணக்கு இது. ஒரு மார்க்கில் நிச்சயமாகச் சரி 8. இரண்டு மார்க்கில் நான்கு கேள்வி சரி, அதற்கு 8. ஐந்து மார்க்கில் முழுசாக முடித்தது இரண்டு, அதற்கு 10. கிராஃப் 8. மொத்தம் 34.

"வடிவியல் போடலையா?"

"வரைஞ்சேன்க்கா. ஆனா கடைசி அளவு அவனோடதுல இருந்து வேற வந்திருக்கு. அதனால சைபர் போட்டுட்டேன்."

"ஐந்து மார்க்ல வேற எதுவும் எழுதலையா?"

"மூணு பாதி பாதி எழுதினேன். முடிக்கல. அதுக்கும் சைபர்."

"இது என்ன, அடிச்சிருக்க?"

"அது பகடை கணக்குக்கா. ரெண்டு பகடை உருட்டினா கூடுதல் 9 வர நிகழ்தகவு. நான் 4/36-ன்னு எழுதினேன். அவன் 1/18-ன்னு சொல்றான். இவங்க எல்லாருக்கும் 1/18 தான் வந்திருக்கு. தப்பாயிடுச்சு."

எல்லாருக்கும் வந்ததா, அவன் சொன்னதும் எல்லாரும் தலையாட்டினார்களா என்று எனக்குச் சந்தேகம். அந்தப் பேப்பரிலேயே எழுதிப் பார்த்தோம். (3,6), (4,5), (5,4), (6,3). முதல் பகடையில் 3, இரண்டாவதில் 6 விழுவது வேறு. முதலில் 6, அப்புறம் 3 விழுவது வேறு. ஆக, மொத்தம் நான்கு வழி. 36-க்கு 4. சுருக்கினால் 1/9. இவள் எழுதியதுதான் சரி. அந்தப் பையன் ஜோடிகளைத் திருப்பிப் போட மறந்து, இரண்டு மட்டும் எண்ணியிருக்கிறான்.

34 உடனே 36 ஆனது. அந்தப் பொண்ணு முகத்தில் வந்த வெளிச்சத்தைச் சொல்லி மாளாது.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நானும் சந்தோஷமாக பஸ் ஏறியிருப்பேன். ஆனால், பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கண்ணாடிப் பையன், "அப்போ என் சென்டம் போச்சா?" என்றான். யாரும் பதில் சொல்லவில்லை. பேப்பரை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் நடந்து போய்விட்டான். அவன் வீட்டில் அந்த 100-க்கு எத்தனை பேர் காத்திருந்தார்களோ, தெரியாது.

ஒருத்தி கண்ணைத் துடைக்கப் போய் இன்னொருத்தன் கண்ணைக் கலங்க வைத்துவிட்டேன். பஸ் ஸ்டாப் ஆன்சர் கீயைத் திட்டிக்கொண்டிருந்த நானே அங்கே ஒரு ஆன்சர் கீ ஆகிவிட்டேன். இத்தனைக்கும், எங்கேயோ கட்டி சீல் வைக்கப்பட்டிருக்கிற அந்த இரண்டு விடைத்தாளிலும் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

திருத்துறவங்க இப்படிக் கூட்ட மாட்டாங்க

அந்தப் பொண்ணு செய்த பெரிய தப்பு, பாதி எழுதியதற்கெல்லாம் சைபர் போட்டதுதான். கணக்குப் பேப்பரில் ஸ்டெப் மார்க் என்று ஒன்று இருக்கிறது. திருத்தும் ஆசிரியர்கள் கையில் இருக்கும் விடைக்குறிப்பில் ஒவ்வொரு படிக்கும் மார்க் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். சூத்திரம் சரியா, மதிப்புகளைச் சரியாகப் பிரதியிட்டிருக்கிறார்களா, உதவிப்படம் போட்டிருக்கிறார்களா என்று பார்த்துதான் மார்க் விழும். கடைசி விடை தப்பானால் அந்தப் படிக்கான மார்க்தான் போகும். மொத்தமும் போகாது. அவளுடைய மூன்று பாதிக் கணக்கும், கொஞ்சம் கோணலான அந்த முக்கோணமும் சைபரே கிடையாது.

பஸ் ஸ்டாப்பில் நாம் கடைசி விடையை மட்டும்தான் ஒப்பிடுகிறோம். படிகளை யாரும் ஒப்பிடுவதில்லை. அதனால்தான் இந்தக் கணக்கு பெரும்பாலும் நிஜ மார்க்கோடு ஒத்துப்போவதே இல்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. 1999-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக உளவியலாளர்கள் ஜஸ்டின் க்ரூகர், டேவிட் டன்னிங் இருவரும் மாணவர்களுக்குத் தர்க்கம், இலக்கணம் போன்றவற்றில் தேர்வு வைத்து, 'நீங்க எப்படி எழுதியிருப்பீங்கன்னு நினைக்கிறீங்க?' என்று கேட்டார்கள். குறைவாக எடுத்தவர்கள் தங்களைச் சராசரிக்கு மேலே என்று நினைத்திருந்தார்கள். நன்றாக எழுதியவர்கள், மற்றவர்களோடு ஒப்பிட்டுத் தங்களைக் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள். நம் மார்க்கைக் கணிக்கிற விஷயத்தில் நாம் எல்லோருமே கொஞ்சம் வீக்தான்.

நான் பட்டது

2015-ல் நான் பத்தாவது எழுதினேன். அப்போது வடிவியலுக்கும் கிராஃபுக்கும் தலா 10 மார்க். பரீட்சை முடிந்து வாசலிலேயே நின்று ஒப்பிட்டதில், என் கிராஃப் தப்பு என்று தோழிகள் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். 10 மார்க் போன துக்கத்தில் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. அடுத்த பரீட்சை அறிவியல். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கிராஃபையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரிசல்ட்டில் கணக்கு நான் பயந்ததைவிட நன்றாகவே வந்திருந்தது. குறைந்தது அறிவியலில்தான். முடிந்துபோன பரீட்சைக்காக அழுது, எழுத வேண்டிய பரீட்சையில் கோட்டைவிட்ட ஆள் நான். இதை இன்றுவரை வீட்டில் சொன்னதில்லை. இப்போது நீங்களும் சொல்லிவிடாதீர்கள்!

ஒரு மார்க்குக்குப் பின்னாடி

"ஃபெயிலானா என்ன பண்ணுவ?" என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். "அம்மா உப்பளத்துக்குப் போறாங்க. நானும் கூடப் போக வேண்டியதுதான்."

மரக்காணம் பக்கம் இது உப்பு சீசன். விடிவதற்கு முன்பே பாத்தியில் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் வாரிக் குவிக்க வேண்டிய வேலை. உப்புத் தண்ணீரில் நின்று நின்று காலெல்லாம் வெடித்துப்போகும். மழைக்காலம் வந்துவிட்டால் அந்த வேலையும் இருக்காது. அதனால்தான் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழக அரசு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் கொடுக்கிறது. உப்பு வாருவது கேவலமான வேலையே இல்லை. ஆனால், அந்தப் பொண்ணை அவளுடைய அம்மா பள்ளிக்கூடம் அனுப்பியது, பாத்திக்குத் திரும்பி வருவதற்காக இல்லை.

அதனால் அவளிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். ஒருவேளை 35-க்குக் குறைந்தாலும் படிப்பு அங்கேயே நின்றுவிடாது. ரிசல்ட் வந்த கொஞ்ச நாளிலேயே துணைத்தேர்வு வைக்கிறார்கள். அதில் பாஸ் செய்தால் அதே வருஷம் ப்ளஸ் ஒன் சேரலாம். கூட்டலில் சந்தேகம் இருந்தால் மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்கலாம். மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கிற வழக்கத்தையே 2017-ல் தமிழக அரசு நிறுத்திவிட்டது. ஆனால், பஸ் ஸ்டாப்பிலும் சொந்தக்காரர் வீட்டு வாட்ஸ்அப் குரூப்பிலும் ரேங்க் லிஸ்ட் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

வீட்டில் இருப்பவர்களுக்கு

பிள்ளை பரீட்சை முடிந்து வந்ததும் கொஸ்டின் பேப்பரை வாங்கி வைத்துக்கொண்டு, "இதுக்கு என்ன எழுதின, எவ்வளவு வரும்?" என்று ஆரம்பிக்காதீர்கள். முதலில் சாப்பாடு. அப்புறம் ஒரு குட்டித் தூக்கம். கடைசிப் பரீட்சை முடியும்வரை அந்தப் பேப்பரை ஒரு பையில் போட்டுப் பரண்மேல் வைத்துவிடுங்கள். எல்லாம் முடிந்த பிறகு, ஆசை தீர உட்கார்ந்து ஒப்பிடட்டும். அப்போது அது ஒரு ஜாலி விளையாட்டு.

பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், பேசாமல் இருந்தால் 'பரீட்சை டென்ஷன்' என்று விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். மனம்விட்டுப் பேச 104, 14416 எண்களுக்கு அழைக்கலாம். பள்ளிக் கல்வி தொடர்பான சந்தேகங்களுக்கு 14417 இருக்கிறது.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே அவளுடைய அம்மா வந்துவிட்டார். காலில் உப்பு காய்ந்து வெள்ளை பூத்திருந்தது. மகள் முகத்தைப் பார்த்தார். மார்க் எவ்வளவு வரும் என்றெல்லாம் கேட்கவில்லை.

"நம்பரு சரியா எழுதினியாடி?"

"எழுதிட்டேம்மா."

"அப்புறம் என்ன? வா, கஞ்சி ஆறிப்போவுது."

அவள் கொஸ்டின் பேப்பரை நாலாக மடித்து ஜியோமெட்ரி பாக்ஸுக்குள் வைத்து மூடினாள். பத்தடி போய்த் திரும்பி, "அக்கா, அவன்கிட்ட 98 வந்தாலும் பெரிய மார்க்குதான்னு நான் போய் சொல்லிடுறேன்" என்றாள்.

அவளுக்கு ரிசல்ட் என்ன வரும் என்று நான் கணிக்கப் போவதில்லை. அடுத்தது அறிவியல். நடுவில் இருக்கும் நாட்களில் அவள் புத்தகத்தை எடுத்திருந்தால் போதும்.

உங்கள் வீட்டிலும் யாராவது பத்தாவது, ப்ளஸ் டூ எழுதுகிறார்களா? இன்றைக்கு அவர்களிடம் முதலில் என்ன கேட்கப் போகிறீர்கள்?